வேண்டும் என்னும் வினை

நாஞ்சில் நாட்டில் ஆங்கிலக் கல்வி கால்கொண்ட சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே பாதிரியாரையும், மயிலாடியில் அவர் தொடங்கிய சிறு பள்ளியையும், மீட் பாதிரியார் காலத்தில் நாகர்கோவிலில் நிலைகொண்டு 1893-இல் கல்லூரியாக உயர்ந்து இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியென வழங்கும் அதன் வளர்ச்சியையும் விஸ்தாரமாக உரைத்து அமைவர். 'மஸ்ட்', 'ஆட்', 'ஷால்' என்னும் சிறு துணைவினைகள் அந்தப் பெஞ்சுகளில் அமர்ந்த பிள்ளைகளைப் படுத்திய பாடு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

தமிழில் 'வேண்டும்' என்ற ஒரே சொல், 'சோறு வேண்டும்' என்கையில் இச்சையாகவும், 'வரி கட்ட வேண்டும்' என்கையில் நிர்ப்பந்தமாகவும் நின்று இரண்டு சுமையையும் தாங்குகிறது. திருவிதாங்கூர் சர்க்காரின் பாஷையாயிருந்த மலையாளத்தின் 'வேணம்' என்பதும் அத்தகையதே. ஆகவே அவ்வட்டாரத்துக் கல்குளத்தானுக்கும் தோவாளையானுக்கும் இரு பாஷை தெரிந்தும், இவ்விஷயத்தில் யாதொரு அனுகூலமும் இல்லை. ஆங்கிலமோ இச்சையைத் தனியே பிரித்துவிட்டு, எஞ்சிய கட்டாயத்தையும் பல கூறாக்கி, சொல்பவன் தன் அதிகாரத்தால் விதிப்பதற்கு 'மஸ்ட்' என்றும், தர்மத்தின் பொருட்டுத் தகுவதற்கு 'ஆட்' என்றும், புறத்தே நின்று நெருக்கும் நிலைமைக்கு 'ஹாவ் டு' என்றும் பெரும்பாலும் வேறுபடுத்தும். வேதாகமத்தின் கட்டளைகளில் வரும் 'ஷால்' என்பதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'ஆயாக' என்னும் வியங்கோள் விகுதியைக் கைக்கொண்டது சாதுரியம் என்றே கருதுகிறேன். ஆயினும் வாழ்த்துக்கும் உரிய அவ்விகுதியில் கட்டளையின் கடுமை சற்றுத் தணிந்துதான் ஒலிக்கிறது.

இவ்வேற்றுமை அந்நாளில் ஏட்டளவில் நின்றதன்று. சர்க்காருக்குக் கூலியின்றி உழைக்கும் 'ஊழியம்' தாழ்த்தப்பட்ட குலத்தாரின் முதுகில் ஏறியிருந்த காலம் அது. அடிமை முறை 1855-இல்தான் சட்டப்படி முற்றும் ஒழிந்தது. நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்குத் தடையில்லை என்ற அரச விளம்பரமும் 1859-இல்தான் வந்தது. ஊழியத்துக்குப் போன தகப்பனின் மகன் பள்ளியில் 'மஸ்ட்', 'ஆட்' இரண்டையும் அடுத்தடுத்து உருப்போட்டபோது, தகப்பனின் உழைப்பு எதன்பாற்படும் என்று எண்ணியிருப்பானா? இலக்கண ஆசிரியர் அதனை விளக்கக் கடமைப்பட்டவரும் அல்லர்.

வேடிக்கை என்னவெனில், 'மஸ்ட்' என்னும் வினைக்கு இறந்தகால வடிவமே கிடையாது. நேற்றைய கட்டாயத்தைச் சொல்ல 'ஹாட் டு' என்று வேறொரு வினையை இரவல் வாங்கியாக வேண்டும். நம் கிழவிகளோ எவரிடமும் இலக்கணம் பயிலாமலே, 'போவ வேண்டிவந்துட்டு மக்கா' என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.