மருந்து சுமக்கும் வில்லை

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையைத் தாண்டினால் நெல்லும் முந்திரியும்தான். கதிரடிக்கும்போது சுனையோ தூசியோ கருவிழியைக் கீறிவிட்டால், அந்தக் கீறல் வழியே பூஞ்சை புகுந்து புண்ணாகும். புண் ஆறினாலும் கண்ணில் பூ விழுந்துவிடலாம். இந்தப் பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின் சொட்டு மருந்து உண்டு. ஆனால் தொடக்கத்தில் அதை மணிக்கொரு தரம் விட வேண்டும், இரவிலும். விடுகிற மருந்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் கண்ணுக்குள் ஊறுவதில்லை. மீதி கண்ணீரோடு வடிந்துவிடும்.

இந்த வீணடிப்பைத் தடுக்கக்கூடிய பொருள் 1961 கிறிஸ்துமஸ் நாளில் பிராக் நகரத்து வீடொன்றில் பிறந்தது. வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகள் விளையாடும் மெர்க்கூர் இரும்புத் துண்டுகளைப் பூட்டி, சைக்கிள் டைனமோவால் சுழலவைத்து, நீர் உறிஞ்சும் பிளாஸ்டிக்கில் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் வார்த்தார். நீரை உறிஞ்சுவது மருந்தையும் உறிஞ்சும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. 1971இல் அமெரிக்கா அந்த வகை லென்ஸை அனுமதித்தது, பார்வைக்காக மட்டும்.

மருந்தை ஏற்றுவது எளிது, பிடித்து வைப்பதுதான் பாடு. மெருகு பூசாத மண்பானை நீரைக் கசியவிடுவதுபோல, சாதாரண லென்ஸ் சில மணி நேரத்தில் மருந்தை விட்டுவிடும். புளோரிடா பல்கலைக்கழகத்தில் அனுஜ் சௌகான் குழு லென்ஸுக்குள் வைட்டமின் ஈயைச் செலுத்தியது. மருந்து அதைச் சுற்றிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்ததால் வேகம் குறைந்தது. கண் அழுத்த நோய்க்கான டிமோலாலை அப்படி ஏற்றிப் பார்த்தார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த கட்டம் இது. லென்ஸின் உருவத்தை மாற்றாமல் மருந்தின் வழியை மட்டும் நீட்டினார்கள்.

2022 மார்ச்சில் அமெரிக்காவில் முதல் மருந்து லென்ஸுக்கு அனுமதி கிடைத்தது. கீட்டோடிஃபென் 19 மைக்ரோகிராம் ஏற்றிய, ஒருநாள் மட்டும் அணியும் லென்ஸ். அது ஒவ்வாமை அரிப்புக்கானது, அதுவும் ஏற்கெனவே லென்ஸ் அணிகிறவர்களுக்கு. நல்ல தொடக்கம்தான், ஆனால் வயல்காட்டுக் கண்ணுக்கு அது உதவாது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நாட்டமைசினையே கடைகளில் கிடைக்கும் லென்ஸ்களில் ஏற்றிச் சோதித்தார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் வெளியேற்றம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. புண்பட்ட கண்ணில் லென்ஸ் வைப்பதே ஆபத்து என்பதால் மருத்துவர் மேற்பார்வையும் தேவை.

எந்த மருந்தை ஏற்றுவது என்பதில் மட்டும் தெளிவு இருக்கிறது. மதுரை, புதுச்சேரி உள்ளிட்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் பூஞ்சைப் புண் கொண்ட 323 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. மற்றொரு பூஞ்சை மருந்தான வோரிகோனசோலைவிட நாட்டமைசினே மேல் என்றது. அதை நாள்முழுதும் சொட்டுச் சொட்டாக விடுவிக்கும் லென்ஸ் உருவானால், முதலில் சோதித்துச் சொல்ல வேண்டிய மருத்துவர்களும் நோயாளிகளும் இங்கேதான் இருக்கிறார்கள்.