ஒரே நாளில் பிறந்தவர்கள்



கடந்த ஞாயிறு ஆராதனையின் முடிவில், வழக்கம்போல இவ்வாரம் பிறந்தநாள் காண்போரைப் பீடத்தருகே அழைத்தோம். ஏப்ரல் 24 அன்று பிறந்தோர் நம் சபையில் இருவர். மூன்று வயது நிறையும் குழந்தை தாயின் கையிலிருந்து இறங்கி ஓடி வந்தது. எண்பது நிறையும் பெரியவரோ இருக்கையைவிட்டு எழவில்லை. பின்னர் வாசலில் விசாரித்தேன். "இனி எனக்கு என்ன இருக்கிறது ஐயா? பிள்ளைகளுக்காகச் செபியுங்கள்" என்றார். சிட்லபாக்கம் ஏரிக்கரை வழியாக வீடு திரும்பும்வரை அச்சொல் என்னை விடவில்லை. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு சபையில் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமைவது அதிசயமன்று. 23 பேர் கூடியிருந்தாலே அவர்களில் எவரேனும் இருவருக்கு அப்படி அமையும் வாய்ப்புப் பாதிக்குமேல் உண்டு என்பது கணக்கு. ஆயினும் அதில் விதியைத் தேடுவது மனித இயல்பு. நாள் ஒன்றானால் பலனும் ஒன்று என்பார்கள். பரிசுத்த அகுஸ்தீனும் இளமையில் சோதிடத்தில் மயங்கியவரே. ஃபிர்மினுஸ் என்ற நண்பர் பிறந்த அதே நாழிகையில், ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிள்ளை பிறந்ததாம். ஒருவர் செல்வராய் வளர்ந்தார். மற்றவர் அடிமையாகவே இருந்தார். இதைக் கேட்டபின் அகுஸ்தீன் ஏசாவையும் யாக்கோபையும் எண்ணினார். ஒரே கருவில் வளர்ந்து, ஒருவன் குதிகாலை மற்றவன் பிடித்துக்கொண்டு பிறந்தவர்களின் வாழ்வு எவ்வளவு வேறுபட்டது! சோதிடம் அத்தோடு அவரை விட்டது.

ஏப்ரல் 24-க்கு வருவோம். நம் வாலிபர்களைக் கேட்டால் உடனே சச்சின் டெண்டுல்கர் என்பார்கள். 1973-இல் மும்பையில் பிறந்தவர். 1999-இல் சேப்பாக்கத்தில், பாகிஸ்தானுக்கு எதிராக, முதுகு வலியோடு அவர் அடித்த 136 ஓட்டங்களையும், இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றதையும் நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. 2013-இல், நாற்பதாவது வயதில், ஓய்வு பெற்றார்.

அதே தேதியில் 1934-இல் கடலூரில் பிறந்தவர் ஜெயகாந்தன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பொதுவுடைமைக் கட்சியின் அலுவலகத்திலும் அச்சகத்திலும் வளர்ந்தவர். அவருடைய 'அக்னிப் பிரவேசம்' கதையில், வஞ்சிக்கப்பட்டு வீடு திரும்பும் மகளைத் தாய் தலையில் நீரூற்றி ஏற்றுக்கொள்கிறாள். அக்கதைக்கு எழுந்த கண்டனம் கொஞ்சமல்ல. தாய் அவ்வாறு ஏற்காதிருந்தால் என்னவாகும் என்று காட்ட அவர் எழுதிய நாவல்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. மன்னிப்பைக் குறித்துப் பிரசங்கிக்கும் நான் அந்தத் தாயிடம் கற்றது உண்டு. பின்னாளில் அவர் கதை எழுதுவதை ஏறத்தாழ நிறுத்திவிட்டார். ஞானபீட விருது அந்த மௌனத்தின் நடுவே வந்தது. 2015 ஏப்ரல் 8 அன்று, எண்பத்தோராவது பிறந்தநாளுக்குப் பதினாறு நாள் இருக்கையில், மறைந்தார்.

நான் பெரியவருக்குச் சொல்ல விரும்பியது மூன்றாமவரைப் பற்றி.

ஜி.யு. போப் 1820 ஏப்ரல் 24 அன்று, கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார். தமிழ்நாட்டைக் காணும் முன்னரே, 1837-இல், பதினேழு வயதில் தமிழின் முதற்பாடத்தைத் தொடங்கினார். 1839-இல் சென்னைக்கு வந்தார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என ஊழியமும் பள்ளிப் பணியுமாக ஆண்டுகள் சென்றன. பிறகு ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். பெரும் மொழிபெயர்ப்புகள் எல்லாம் அதன்பின் வந்தவையே: 1886-இல் திருக்குறள், 1893-இல் நாலடியார். திருவாசகத்தைத் தொடத் தயங்கினார். பணி பெரிது, தமக்கோ வயதாகிவிட்டது என்று எண்ணினார். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் அவரைத் தேற்றினார். பெரும் பணியொன்றைக் கையில் வைத்திருப்பவர் நெடுநாள் வாழ்வார், முடிக்கும்வரை நீர் இருப்பீர் என்பது அவர் சொன்னதன் கருத்து. ஜோவெட் 1893-இல் இறந்துபோனார், போப் முடித்தார். 1900-இல் நூல் வெளிவந்தது. அதன் முன்னுரைக்கு அவர் இட்ட நாள், தம் எண்பதாவது பிறந்தநாள். முதற்பாடம் கற்ற ஆண்டை அதில் நினைவுகூர்ந்து, தம் தமிழ்ப்பணி நிறைவுற்றது என்று விடைபெறுகிறார். அதன்பின்னும் ஏழு ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்து, 1908 பிப்ரவரியில் மறைந்தார்.

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்ற கதையைப் பிரசங்கபீடத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஆக்ஸ்போர்டிலுள்ள அக்கல்லில் அவ்வாசகம் இல்லை. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் அது. எனக்கு அதுவே போதும்.

செவ்வாயன்று பெரியவரின் வீட்டுக்குப் போய் இவற்றையெல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். "1837 முதல் 1900 வரை, அறுபத்துமூன்று வருஷம்" என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு சிரித்தபடி, "போப்பையருக்கு அந்த வயதில் கண் தெரிந்திருக்கிறது, ஐயா" என்றார்.

வரும் வாரம் அவருக்கு இடக்கண்ணில் புரை அறுவை. சபையார் அதற்காகச் செபிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.