அகராதித் தொகுப்பும் கற்போர் துணையும்

அகராதி முற்றுப்பெற்ற பின்னர் அதன்கட் குறை காண்டல் எளிது. தொகுக்கப்பெறுங் காலத்தே குறைகாட்டுவாரைப் பெறுதல் அரிது. அவ்வரிய துணையை முறையாக அமைத்துக்கொண்டவருள் ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரே என்பார் ஒருவர். அவர் 1879-ஆம் ஆண்டில் பொதுமக்களை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுத்து, நூல்களைப் பயின்று மேற்கோள்களைச் சீட்டுக்களில் எழுதியனுப்புமாறு கேட்டனர். சான்று வேண்டப்படுஞ் சொற்களை நிரல்படுத்தி அச்சிட்டும் வழங்கினர். முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. நூல் 1928-இல் நிறைவெய்தியது. 1933-இல் அநுபந்தமும் தோன்றிற்று.

தமிழில் இதற்கு நேராவது சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகன். இப்பணி 1913-இல் சாண்ட்லர் துரையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிற்று. 1926-இல் திரு. ச. வையாபுரிப் பிள்ளையவர்கள் அப்பொறுப்பை ஏற்றனர். 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இந்நூல் ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்களைக் கொண்டது. 1939-இல் வெளிவந்த அநுபந்தத்தில் மேலும் 13,357 சொற்கள் சேர்ந்தன. இது முன்னைத் தொகையில் ஏறத்தாழ எட்டிலொரு பங்காம். எத்துணைப் புலவர் கூடித் தொகுப்பினும் எஞ்சுவன பலவென்பது இதனாற் பெறப்படும்.

பகுதி பகுதியாக வெளியிடுதலில் ஒரு பெரும்பயன் உண்டு. ஆணவம் என்பதற்குச் செருக்கு என்னும் பொருள் மாத்திரமே ஓர் அகராதியில் அமைந்ததென்று கொள்வோம். அது சித்தாந்தத்தில் உயிரின் அறிவை மறைக்கும் மூலமலத்தைக் குறிக்குமென்று கற்றார் ஒருவர் அப்பகுதியைக் கண்டவுடன் எழுதுவாராயின், அச்சொல்லின் திருத்தம் அநுபந்தத்திற்குக் காத்திருப்பினும், பின்னர் வரும் மலம், மாயை முதலியன அச்சேறுமுன்னரே செப்பமுறும். மாயையைப் பொய்த்தோற்றமென்று மட்டும் உரைத்தொழியாது, உலகிற்கு முதற்காரணமாகிய உள்பொருளென்னுஞ் சித்தாந்தக் கொள்கையையும் உடன் காட்டுதல் கூடும்.

இனி, குறைகாட்டுதற்கு உரியார் நூல்வல்லார் மட்டுமல்லர். கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசுவோர். அவர்க்கு அப்பெயர் மலையை ஆள்வோர் என்னும் பொருட்டு. மலையாள மொழியாளர் என்னும் ஒரு பொருளையே அறிந்தார் அச்சொல்லை எழுதின், அம்மலையினர் தம் மொழிக்கே அயலாராய் விடுவர். சாமையும் தினையும் விளைக்கும் அவர்தம் தொழிற்சொற்களோ பெரும்பாலும் ஏட்டில் ஏறாதன. திருக்கோவலூர் வீரட்டானத்துக் கல்வெட்டிலுள்ள சொல் தன்னைப் படிப்பார் வருமளவும் காத்திருக்கும். பேச்சிலுள்ள சொல் பேசுவாரோடு மறையும்.

ஆதலின், அகராதி தொகுப்பார் பதிப்பிடைக் குறைகேட்டலும், கற்றாரும் வழங்குவாரும் காலந்தாழ்க்காது அறிவித்தலும் இருதிறத்தார்க்கும் உரிய கடனாம்.