தோண்டாமலே கண்டறிந்த எல்லை

பூமியின் மேலோட்டுக்குக் கீழே கவசம் தொடங்குகிறது என்று ஒரே வரியில் படித்துவிடுகிறோம். ஆனால், அந்த எல்லையைத் தாண்டி இதுவரை யாரும் துளையிட்டதில்லை. ரஷ்யாவின் கோலா துளைகூட 12,262 மீட்டரோடு நின்றுவிட்டது. அப்படியென்றால், எல்லை இருப்பது எப்படித் தெரிந்தது?

1909 அக்டோபர் 8 அன்று, இன்றைய குரோஷியாவில், ஸாக்ரெப் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் நிலம் நடுங்கியது. ஸாக்ரெப் வானிலை ஆய்வகத்தை நடத்திவந்தவர் ஆன்ட்ரியா மொகோரோவிச்சிச். 1880ஆம் ஆண்டு நிலநடுக்கம் அந்நகரைக் கடுமையாகச் சேதப்படுத்தியிருந்தது. அதனால், நிலநடுக்கம் கட்டடங்களை எப்படிப் பாதிக்கும் என்பதிலும் அவருக்கு அக்கறை அதிகம். ஐரோப்பாவின் பல நிலையங்களிலிருந்து அவர் பதிவுகளைக் கேட்டு வாங்கினார்.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்கணும். நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேர்வது 'பி' அலை. அருகிலிருந்த நிலையங்களில் அது ஒருமுறைதான் பதிவாகியிருந்தது. ஆனால், சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு 'பி' அலைகள் தெரிந்தன. நடுக்கம் ஒன்று, அலை இரண்டு!

இதை இப்படி யோசித்துப் பாருங்க. பக்கத்து ஊருக்குப் போக பழைய சாலையே போதும். தூரத்து ஊருக்கோ, சுற்றிப் போனாலும் நெடுஞ்சாலையில் ஏறியவர்தான் முதலில் சேருவார். அதேபோல ஓர் அலை மேலோட்டுக்குள்ளேயே வந்தது. மற்றோர் அலை கீழே இறங்கி, அடர்த்தியான பாறை வழியாக வேகமாக ஓடி, மீண்டும் மேலே வந்தது. இரண்டும் வந்த நேரத்தைக் கணக்கிட்டு, சுமார் 54 கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் எல்லை இருப்பதாக 1910இல் அவர் வெளியிட்டார். அதைத்தான் இன்று 'மோகோ' என்கிறோம். கண்டங்களுக்கு அடியில் அது சராசரியாக 35 கிலோமீட்டர் ஆழத்திலும், கடல்தரைக்கு அடியில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஆழத்திலும் உள்ளது.

பிறகு, நிலநடுக்கத்துக்காகக் காத்திருக்கவும் தேவைப்படவில்லை. 1920களில் அமெரிக்காவில் எண்ணெய் தேடியவர்கள் வெடிவைத்து அலைகளை உண்டாக்கி, படிவுப் பாறைகளுக்குள் புதைந்திருந்த உப்புக் குவிமாடங்களைக் கண்டுபிடித்தார்கள்.

தேர்வில் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஒரே நிலையத்தின் பதிவை வைத்து இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. பல ஊர்ப் பதிவுகளை ஒப்பிட்டதால்தான் எல்லை புலப்பட்டது. அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.