வரைபடம் பொய்த்த இடத்தில்

2002 ஜூலை 24 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள குவிகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிலாளர்கள், அருகே கைவிடப்பட்டுக் கிடந்த சாக்ஸ்மன் சுரங்கத்தின் சுவரை அறியாமல் உடைத்துவிட்டனர். அங்கே தேங்கியிருந்த நீர் உள்ளே பாய்ந்தது. சிக்கிக்கொண்ட ஒன்பது பேரும் மூன்று நாள்களுக்கு மேல் நீண்ட போராட்டத்திற்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டனர். பிழை அவர்களுடையதன்று. அவர்கள் நம்பிய வரைபடத்தில் பழைய சுரங்கத்தின் இறுதி எல்லை பதிவாகியிருக்கவில்லை.

செயற்கைக்கோள் இன்றி வழியறியும் எந்திரங்களின் வரலாற்றில் இவ்விபத்துக்குத் தனியிடம் உண்டு. செயற்கைக்கோளின் சமிக்ஞை பாறையை ஊடுருவாது. சக்கரச் சுழற்சியை எண்ணித் தொலைவைக் கணித்தாலோ, சிறு பிழைகள் சேர்ந்து பெரும்பிழையாகும். இருப்பிடம் தெரிந்தால்தான் வரைபடம் வரையலாம். வரைபடம் இருந்தால்தான் இருப்பிடம் தெரியும். இந்தச் சிக்கலின் இரு முனைகளையும் ஒருசேர அணுகுவதற்கான கணித அடிப்படையை ராண்டல் ஸ்மித், பீட்டர் சீஸ்மன் ஆகியோர் 1980களில் வகுத்தனர். 1990களில் அதற்கு 'ஸ்லாம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

அந்தக் கணிதத்தைச் சேற்றுக்குள் இறக்கிப் பார்த்தவர்கள் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தினர். 2003 மே 30 அன்று அவர்களுடைய 'கிரவுண்ட்ஹாக்' என்னும் எந்திரம், பிட்ஸ்பர்க் அருகே கைவிடப்பட்ட மாத்தீஸ் சுரங்கத்துக்குள் தானாகவே நுழைந்து, லேசர் கதிர்களால் சுவர்களை அளந்தபடி 308 மீட்டர் சென்றது. அங்கே விழுந்து கிடந்த கூரை உத்திரம் ஒன்று அதன் வழியை மறித்தது. ஆய்வுக்கூடத் தரையில் எதிர்ப்படாத தடை அது.

இத்தகைய தடைகளையே தேர்வாக்கியது, 2018இல் அமெரிக்காவின் தார்ப்பா நிறுவனம் தொடங்கிய நிலத்தடிப் போட்டி. தரையில் ஊர்வன, நடப்பன, பறப்பன என எல்லாவகை எந்திரங்களும் அதில் இறங்கின. 2019இல் ஓர் ஆய்வுச் சுரங்கமும், 2020இல் கட்டி முடிக்கப்படாத ஓர் அணுமின் நிலையமும், 2021 செப்டம்பரில் லூயிவில் நகரின் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கமும் களங்களாயின. மனித உருவப் பொம்மை, கைப்பேசி, முதுகுப்பை போன்ற பொருள்களைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அவற்றின் இடத்தை ஐந்து மீட்டருக்குள் துல்லியமாகச் சொல்ல வேண்டும். தன் இருப்பிடம் அறியாத எந்திரத்தின் கண்டுபிடிப்பு மீட்புப் பணியாளருக்குப் பயன்படாது என்பதே இவ்விதியின் பொருள். இறுதிச் சுற்றில் 40 பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. செர்பெரஸ் அணியும் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ அணியும் தலா 23 புள்ளிகள் பெற, கடைசிப் புள்ளியை முன்னதாக எடுத்த செர்பெரஸ் வென்றது. உலகின் தேர்ந்த அணிகளுக்கும் 17 பொருள்கள் எட்டாமலே போயின என்பதும் அம்முடிவில் அடக்கம்.

இவ்வரலாறு இந்தியாவுக்கு அயலானதன்று. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018 டிசம்பரில் மேகாலயத்தின் க்சான் பகுதியில் எலிவளைச் சுரங்கமொன்றில் நீர் புகுந்து 15 பேர் சிக்கியபோது, மீட்கச் சென்றோரின் கையில் நம்பத்தக்க வரைபடம் இல்லை. குவிகிரீக்கில் வரைபடம் பிழைபட்டது. க்சானில் அது வரையப்படவே இல்லை. எந்திரம் நுழைந்து வரையக் கற்றுக்கொண்டிருக்கும் இக்காலத்தில், எந்தச் சுரங்கத்தை முதலில் வரைவது என்ற முடிவு மனிதரிடமே உள்ளது. கைவிடப்பட்டவையும் கணக்கில் வாராதவையும் அப்பட்டியலின் கடைசியில் நிற்குமாயின், அடுத்த வெள்ளமும் அங்கிருந்தே வரும்.