கண்ணாடி வார்த்த பிரபுவின் குடும்பம்

இம்மாதம் அயர்லாந்துக்குப் போவோம். பிரபுக் குடும்பம் என்றதும் குதிரை, நரி வேட்டை, கழுத்தளவு கடன் என்று ஒரு படம் நம் மனதில் எழும். ஆங்கிலோ-ஐரிஷ் பிரபுக்கள் பலருக்கு அந்தப் படம் பொருந்தும். பிர் என்ற சிறு நகரில் வாழ்ந்த பார்சன்ஸ் குடும்பத்தார், அதாவது ரொஸ் பிரபுக்கள், வேறு ரகம். இவர்கள் கையில் கரி படிந்திருந்தது.

ஆரம்பம் அழகானதல்ல. ஓ'கரோல் என்ற ஐரிஷ் குலத்தாரின் மண்ணில் இருந்த பிர் கோட்டையும் நிலமும் 1620இல் ஆங்கிலேயரான லோரன்ஸ் பார்சன்ஸுக்கு அரசரால் வழங்கப்பட்டன. குடியேற்றத் திட்டம் என்று அதற்குப் பெயர். பின்னாளில் ஊரின் பெயரையே பார்சன்ஸ்டவுன் என்று மாற்றினார்கள். இதை நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இக்குடும்பத்தை உலகறியச் செய்தவர் மூன்றாம் ரொஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ் (1800–1867). பெரிய தொலைநோக்கி செய்யும் ஆசை அவரைப் பிடித்தது. அக்காலத்தில் கண்ணாடி ஆடியை இவ்வளவு பெரிதாகச் செய்ய வழியில்லை. செம்பையும் தகரத்தையும் உருக்கி உலோக ஆடி வார்க்க வேண்டும். தகரம் கூடினால் பளபளப்பு நன்றாக வரும். ஆனால் சற்று வேகமாக ஆறினாலே வெடித்துவிடும். உள்ளூர் ஆட்களுக்குத் தாமே தொழில் பழக்கி, முற்றத்தில் உலை கட்டி, சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரித்து, 1842இல் 72 அங்குல விட்டமும் சுமார் மூன்று தொன் எடையும் உள்ள ஆடியை வார்த்தார். 1845இல் அதனூடாக M51 என்ற மங்கலான ஒளித்திட்டைப் பார்த்தபோது அது சுருள் வடிவில் இருந்தது. ஒரு விண்மீன் கூட்டத்தின் சுருள் வடிவத்தை மனிதன் கண்டது அதுவே முதல் தடவை. 1917 வரை அதைவிடப் பெரிய தொலைநோக்கி உலகில் இருக்கவில்லை.

தொலைநோக்கிக்கு 12,000 பவுண் வரை செலவானதாக எழுதியிருக்கிறார்கள். கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். வரவு எங்கிருந்து என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பக்கம் குத்தகைக்காரரின் வாடகை. மறுபக்கம் மனைவி மேரி யோர்க்‌ஷயரிலிருந்து கொண்டுவந்த சொத்து. அந்த மேரி புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1859இல் அயர்லாந்தின் புகைப்படச் சங்கம் அவருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கியது.

சுருள் தெரிந்த அதே 1845இல்தான் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து இலட்சம் பேர் பஞ்சத்தாலும் நோயாலும் மாண்டனர். அவ்வளவு பேர் கப்பலேறினர். பிரபு வானத்தை விட்டு நிவாரண வேலைகளைக் கவனித்தார். மேரி கோட்டையைச் சுற்றி அகழி, மதில் வேலைகளைத் தொடங்கி நூற்றுக்கணக்கானோருக்குக் கூலி கொடுத்தார். வேறு பிரபுக்கள் குடிசைகளை இடித்த காலம் அது. இதை அவர்கள் பற்றில் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த வாடகைப் பக்கத்தையும் நான் கிழிக்க மாட்டேன்.

உறவுக்காரி மேரி வோர்ட் கதை எனக்கு வேதனை தருவது. நுண்ணோக்கியில் பார்த்ததைத் தானே வரைந்து 1857இல் நூலாக்கினார். பெண் எழுதியதைப் பதிப்பாளர் ஏற்கமாட்டார் என்றெண்ணி, சொந்தச் செலவில் 250 பிரதிகள் அடித்தார். நன்றாகவே விற்றது. 1869 ஓகஸ்ட் 31ஆம் திகதி பார்சன்ஸ் சகோதரர்கள் செய்த நீராவி வண்டியில் போகையில், பிர் நகரத்து வளைவொன்றில் தூக்கி வீசப்பட்டு அதன் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தார். வயது 42. மோட்டார் வாகன விபத்தில் இறந்ததாகப் பதிவான முதல் மனிதர் இவரே என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

பிரபுவின் மூத்த மகன் லோரன்ஸ் நிலவின் வெப்பத்தை அளந்தார். கடைக்குட்டி சார்ள்ஸோ கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு நியூகாஸிலில் தொழிற்சாலைப் பயிலுநராகச் சேர்ந்தார். பிரபுவின் மகன் செய்யும் காரியமா அது! 1884இல் நீராவிச் சுழலியை உருவாக்கினார். கடற்படை அசைந்து கொடுக்கவில்லை. 'டர்பினியா' என்ற சிறு கப்பலைத் தாமே கட்டினார். முதலில் அது வேகம் எடுக்கவில்லை. மிக வேகமாகச் சுழன்ற விசிறி தண்ணீரில் வெற்றிடக் குமிழிகளை உண்டாக்குவதைக் கண்டுபிடித்து, ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகளைப் பொருத்தினார். 1897 யூன் 26, விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பு. அழைப்பில்லாத டர்பினியா போர்க்கப்பல்களின் நடுவே சீறிப் பாய்ந்தது. துரத்திய படகுகளால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 1906இல் இறங்கிய டிரெட்நோட் போர்க்கப்பல் சுழலியால்தான் ஓடியது. இன்று கூடங்குளமாகட்டும் நுரைச்சோலையாகட்டும், மின்சாரம் பிறப்பது நீராவிச் சுழலியில்தான்.

முதலாம் உலகப் போரில் தொழிற்சாலைகளை நடத்திய பெண்களைப் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சார்ள்ஸின் மனைவி கதரினும் மகள் ரேச்சலும் வேறு சில பெண்களுடன் சேர்ந்து 1919இல் பெண் பொறியியலாளர் சங்கத்தைத் தொடங்கினர். அதன் முதல் தலைவர் ரேச்சல்.