வேலையின்மையை மெய்ப்பித்தல்: பதிவு, புதுப்பித்தல், உறுதிமொழி நடைமுறைகளின் வரலாறு – சேக்காட்டு வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

வேலையற்றவர் எவர் என்பதை அரசு தானாக அறிந்துகொள்வதில்லை. அவர் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். குறித்த காலத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உதவி பெறுவாராயின் வேலையற்ற நிலை தொடர்வதாக உறுதி கூறவும் வேண்டும். இக்கடமைகள் தோன்றிய சூழலையும் அவை அடைந்த மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. நடைமுறைகள் எளிமையடைந்த பின்னரும் மெய்ப்பிக்கும் பொறுப்பு வேலையற்றவரிடமே தங்கியுள்ளது என்பது இதன் கருதுகோள்.

ஆய்வுக் களம்

சேக்காடு, ஆவடி மாநகராட்சியைச் சார்ந்த பகுதி. இதன் அருகே 1960களில் உற்பத்தியைத் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளது. கிழக்கே 1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உள்ளது. முன்னது நிலையான அரசு வேலையின் அடையாளம். பின்னது தனியார் தொழிற்கூடங்களின் களம். வேலையின்மையைப் பதியும் இருவேறு நடைமுறைகளும் இவ்விரு வகை வேலைகளை ஒட்டியே அமைந்தன.

பதிவும் மூப்பும்

வேலையின்மை குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1921இல் ஏற்று, 1938இல் விலக்கிக்கொண்டது. இன்றைய வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு மூலமானது, இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில் நிறுவப்பட்ட மறுகுடியமர்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் ஆகும். படையிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்காகத் தொடங்கிய இவ்வமைப்பு 1948இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. சிவராவ் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1956 நவம்பர் 1 முதல் அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது.

காலிப் பணியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு 1960 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அறிவிக்கும் கடமையை வேலை அளிப்போர்மீது சுமத்திய இச்சட்டம், அலுவலகத்தின் வழியாகத்தான் ஆளெடுக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் அரசுப் பணிக்குப் பெயர் பரிந்துரைக்கப்படுவதில் பதிவு மூப்பு முதன்மை பெற்றது. காத்திருந்த ஆண்டுகளே ஒருவகைத் தகுதியாயின. ஆகவே மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கத் தவறுவது, அவ்வாண்டுகளை இழப்பதற்கு ஒப்பானது.

அரசுப் பணிக்குப் பெயர்களை வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து பெறுவதோடு நாளிதழ் முதலியவற்றிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் மூப்பின் பயன் குறைந்தது. புதுப்பிக்கும் கடமை குறையவில்லை. 2010இல் இணையவழிப் பதிவு தொடங்கியபின், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்த சேக்காட்டு மக்கள், மாவட்ட அலுவலகத்துக்குச் செல்லாமலே புதுப்பிக்க வழி ஏற்பட்டது. எனினும் தவறவிடுவது தொடர்ந்தது. 2014 முதல் 2019 வரை புதுப்பிக்கத் தவறியோருக்கு 2021 இறுதியில் அரசு சிறப்புச் சலுகை அளித்தது இதற்குச் சான்று. பயண அலைச்சல் மட்டுமே தடையன்று என்பதையும் இது காட்டுகிறது.

உதவித்தொகையும் உறுதிமொழியும்

தமிழ்நாட்டின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைத் திட்டம் இப்பதிவையே அடித்தளமாகக் கொண்டது. பொதுப் பிரிவில் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவருக்கு மாதம் ரூ.200, தேர்ச்சி பெற்றவருக்கு ரூ.300, மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600 என மூன்றாண்டுகள் வழங்கப்படுகிறது. இதற்குப் பதிவு ஐந்தாண்டுகள் நிறைவடைந்து, தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000ஐ மிகக்கூடாது. பயனாளி ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் அளிக்க வேண்டும். ஐந்தாண்டுக் காலம் எவ்வருவாயும் இன்றி ஒருவர் வாழ இயலாது; கூலி வேலையையோ ஒப்பந்த வேலையையோ நாடியே தீர்வார். ஆனால் உதவித்தொகைக்கான ஆவணம் கேட்பது வேலை உண்டா இல்லையா என்பதை மட்டுமே. இடைப்பட்ட நிலைக்கு அதில் இடமில்லை.

காப்பீட்டு வழி

தனியார் தொழிலாளருக்கு 2018 ஜூலை 1 முதல் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தால் செயல்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 90 நாள்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை வழங்கப்பட்டது. கோரிக்கையை இறுதியாக வேலை அளித்தவரே அனுப்ப வேண்டியிருந்தது. அதாவது, நீக்கியவரின் ஒத்துழைப்பை நீக்கப்பட்டவர் நாட வேண்டியிருந்தது.

பெருந்தொற்றுக் காலம் இதனை மாற்றியது. 2020 ஆகஸ்டில் எடுக்கப்பட்ட முடிவின்படி, மார்ச் 24 முதல் வேலையிழந்தோருக்கு உதவி 50 விழுக்காடாக உயர்ந்தது. 90 நாள் காத்திருப்பு 30 நாளாகக் குறைந்தது. தொழிலாளரே நேரடியாகக் கிளை அலுவலகத்தில் கோரிக்கை அளிக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், ஆவணங்களை இணையத்தில் பதிவேற்றுவோர் பிரமாணப் பத்திரம் அளிக்க வேண்டியதில்லை எனக் கழகம் அறிவித்தது. ஆனால் சந்தா செலுத்திய நாள்களைக் காட்டும் நிபந்தனை, தளர்த்தப்பட்ட வடிவில், நீடித்தது. ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள்கள் என்ற அந்த அளவைக் காட்ட, வேலை அளித்தவர் முன்னரே பெயரைப் பதிந்து சந்தா கட்டியிருத்தல் வேண்டும். பதியப்படாத ஒப்பந்தத் தொழிலாளருக்கு எளிமையான படிவம் எவ்விதப் பயனும் தராது.

ஒப்பீடும் முடிவும்

பிரித்தானியாவில், உண்மையாகவே வேலை தேடுவதை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி 1921இல் புகுத்தப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப்பின் 1930இல் நீக்கப்பட்டது. அங்கு விவாதம், சான்று காட்டும் பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றியது. தமிழ்நாட்டுச் சூழலில் மாற்றங்கள் பெரும்பாலும் சான்று காட்டும் முறையைப் பற்றியனவாக அமைந்தன: நேரில் வருதல் இணையப் புதுப்பித்தலானது, பிரமாணப் பத்திரம் பதிவேற்றமானது. வேலை அளித்தவரின் இசைவை நீக்கிய 2020ஆம் ஆண்டு மாற்றம் ஒன்றே பொறுப்பின் இடத்தை ஓரளவு தொட்டது. வேலை அளிப்போரின் பதிவேடுகளிலிருந்தே வேலையிழப்பை அரசு அறியும் முறை அமையாதவரை, அரசின் ஏடுகளிலுள்ள வேலையற்றோர் எண்ணிக்கை புதுப்பித்தோரின் எண்ணிக்கையாகவே இருக்கும். சேக்காடு போன்ற தொழிற்புறநகர்களின் வேலையின்மையை ஆராய்வோர் அவ்வெண்ணிக்கையை இவ்வரம்போடு கையாளுதல் வேண்டும்.